வெனிஸ் கடைவீதியில் மூன்று நாள்

செயற்குழுக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில், "ஐரோப்பா போய் வந்தீர்களே, நம் இதழுக்கு ஒன்றும் எழுதவில்லையே" என்று நண்பர்கள் பல தடவை கேட்டுவிட்டார்கள். நான் எழுத்தாளன் அல்லன். பள்ளிக்கூடப் படிப்போடு மளிகை மண்டியில் உட்கார்ந்தவன். ஆனாலும் நான் பார்த்த ஊர் வணிகர்கள் கட்டிய ஊர், வணிகர்களே ஆண்ட ஊர். நம் இதழில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

2024 செப்டம்பர் மாதம் நானும் என் மனைவியும் ஜெர்மனியில் மியூனிக் நகரில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தோம். வாரக் கடைசியோடு ஒரு நாள் விடுப்பும் சேர்த்து, "எங்கேயாவது மூன்று நாள் போய் வருவோம், அப்பா. பாரிஸா, ரோமா?" என்று கேட்டான். "வெனிஸ்" என்றேன். பள்ளியில் ஆங்கில வாத்தியார் ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் கதையைச் சொன்ன நாளிலிருந்து மனத்தில் இருந்த ஊர். அதோடு, நாற்பது வருடமாக மிளகு விற்கும் எனக்கு, ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதற்கும் மிளகு விற்ற ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை.

மியூனிக்கிலிருந்து நேர் ரயில் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் பிரென்னர் கணவாய் வழியாக ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணம். ஐந்நூறு, அறுநூறு வருடத்துக்கு முன் ஜெர்மானிய வியாபாரிகள் வெனிஸில் மிளகும் பட்டும் வாங்கிக் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டு திரும்பிய வழிகளில் அதுவும் ஒன்று. சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அந்தச் செங்குத்தான மலையைப் பார்த்தபோது, ஒரு மூட்டைக்கு வழிச்செலவு என்ன விழுந்திருக்கும் என்றுதான் கணக்குப் போட்டேன். "ஏங்க, இங்கே வந்துமா?" என்று மனைவி சிரித்தாள்.

சக்கரம் ஓடாத ஊர்

கடைசி நான்கு கிலோமீட்டர் அளவுக்கு ரயில் தண்ணீரின் மேலேயே ஓடுகிறது. 1846இல் கட்டிய பாலம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரில் சாலை இல்லை. பெரிய கால்வாய்தான் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள், நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். கார் இல்லை, ஆட்டோ இல்லை, சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. பஸ்ஸுக்குப் பதில் படகு. அதை வப்பொரெட்டோ என்கிறார்கள். முதலாம் எண் படகில் ஏறினால் பெரிய கால்வாய் முழுவதையும் பார்த்துவிடலாம். இரு கரையிலும் பழைய வணிகக் குடும்பங்களின் மாளிகைகள். அவற்றில் பலவற்றில் கீழ்த்தளம் சரக்கு வைக்கும் கிடங்கு, மேல்தளம் வீடு. படகு நேராகக் கிடங்கு வாசலுக்கே வரும். கடையும் வீடும் ஒன்றாக வாழ்ந்த நம் பழைய பஜார் குடும்பங்களைப் போலத்தான்.

மறுநாள் விடிகாலையில் தனியாக எழுந்து போய், ஊருக்குள் சரக்கு எப்படி வருகிறது என்று பார்த்தேன். மற்றவர்கள் ஓவியம் பார்க்கப் போவார்கள். எனக்கு இதுதான் ஓவியம். லாரி ஊரின் எல்லையோடு நின்றுவிடும். அங்கே சரக்கைப் படகில் மாற்றி, கால்வாய்க் கரையில் இறக்கி, கைவண்டியில் அடுக்கிச் சந்து சந்தாகத் தள்ளிப் போகிறார்கள். வழியில் ஒவ்வொரு பாலத்துக்கும் படிக்கட்டு உண்டு. அதற்காகவே அந்தக் கைவண்டியின் முன்பக்கம் இரண்டு சிறு சக்கரங்களைத் தனியாக வைத்திருக்கிறார்கள். பெரிய சக்கரம் ஒரு படி ஏறும்போது சின்னச் சக்கரம் அடுத்த படியில் தாங்குகிறது. "அத்தென்சியோன்!" என்று குரல் கொடுத்துக்கொண்டே தண்ணீர் பாட்டில் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார் ஒருவர். ஒரே சரக்கை மூன்று தடவை ஏற்றி மூன்று தடவை இறக்க வேண்டியிருக்கிறது. சுமைகூலி ஏறுகிறது என்று நாம் புலம்புகிறோம். அந்த ஊர் மளிகைக் கடைக்காரரை நினைத்தால் நம் பாடு தேவலை.

கடைகளின் நிலைப்படி ஓரத்தில் இரும்புக் காடி பதித்திருப்பதையும் கவனித்தேன். கடல் பொங்கும் நாளில் அதில் தகடு செருகித் தண்ணீரைத் தடுப்பார்களாம். 1966 நவம்பர் 4இல் நீர்மட்டம் 194 சென்டிமீட்டர் ஏறியது. 2019 நவம்பர் 12இல் 187. கடலின் வாயில்களில் 78 இரும்புக் கதவுகள் அமைத்து, 2020 அக்டோபர் முதல் வெள்ளம் வரும்போது அவற்றை எழுப்பித் தடுக்கிறார்கள். ஆனாலும் பழைய கடைக்காரர் எவரும் அடித்தட்டில் சரக்கு வைப்பதில்லை.

ரியால்டோ: எடைக்கல் சாயாதிருக்கட்டும்

வெனிஸ் என்றதும் எல்லோரும் சான் மார்க்கோ சதுக்கத்தைச் சொல்வார்கள். அது ஆட்சியின் இடம். வியாபாரத்தின் இடம் ரியால்டோ. கால்வாய் வளையும் இடத்தில் உள்ள பழைய சந்தை அது. அங்குள்ள கல்பாலம் 1588இல் தொடங்கி 1591இல் முடிந்தது. அதற்கு முன் இருந்த மரப்பாலம் 1444இல் ஓர் ஊர்வலம் பார்க்கக் கூடிய கூட்டத்தின் பாரம் தாங்காமல் விழுந்ததாம். பாலத்தின் மேலேயே இரண்டு வரிசைக் கடைகள் இருக்கின்றன. அக்காலத்தில் அந்த வாடகை அரசாங்கத்துக்கு வருமானம். பாலத்தின் மேலேயும் கடை கட்டிய ஊர்!

பாலத்தின் இரு பக்கமும் தெருப் பெயர்களே பாதிக் கதை சொல்கின்றன. நறுமணச் சரக்கு வியாபாரிகள் தெரு, பொற்கொல்லர் தெரு, திராட்சை மது இறங்கும் கரை, இரும்பு இறங்கும் கரை, கரி இறங்கும் கரை. 1514இல் பெரும் தீயில் சந்தை ஏறக்குறைய முழுவதும் எரிந்து போனது. திரும்பக் கட்டியபோதும் சந்தையை வேறு இடத்துக்கு மாற்றவில்லை. வாடிக்கையாளரின் கால் பழகிய இடத்தை விடக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

மீன் மார்க்கெட் சுவரில் ஒரு பளிங்குப் பலகை. எந்த மீன் எவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று செதுக்கி வைத்திருக்கிறார்கள். விலாங்கு 25 சென்டிமீட்டர், சிப்பி 5 சென்டிமீட்டர் என்று பட்டியல் போகிறது. வாங்குபவரும் பார்க்கலாம், விற்பவரும் பார்க்கலாம். தகராறுக்கே இடமில்லை.

இவற்றையெல்லாம் விட என்னை நிறுத்தி வைத்தது சந்தை நடுவே உள்ள சான் ஜாக்கமோ என்ற சிறிய கோயில். ஊரிலேயே பழையது, 421ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பது மரபுக் கதை. இப்போதுள்ள கட்டடம் அதற்குப் பிற்பட்டது. முகப்பில் இருபத்து நான்கு மணி நேரம் காட்டும் பெரிய கடிகாரம் இருக்கிறது. அது நேரம் சரியாகக் காட்டாது என்று பல நூறு வருடமாகப் பெயர் எடுத்தது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சுற்றி வந்தால், கோயிலின் பின்புறச் சுவரில் சிலுவையோடு ஒரு லத்தீன் கல்வெட்டு. மகன் கைப்பேசியில் தேடிப் பொருள் சொன்னான்: இந்தக் கோயிலைச் சுற்றி வணிகரின் நீதி நேராக இருக்கட்டும், எடைக்கற்கள் சாயாதிருக்கட்டும், ஒப்பந்தங்களில் வஞ்சகம் இல்லாதிருக்கட்டும்.

நம் வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வணிகருக்கு வைத்த அதே நியாயம். எங்கோ ஒரு கடலோரத்தில், வேறு மொழியில், சந்தையின் நடுவில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது, யாரிடமும் சொல்லாத ஒரு பழைய சங்கதி எனக்கு நினைவுக்கு வந்தது. இங்கே சொல்லிவிடுகிறேன்.

1986ஆம் ஆண்டு. அப்பாவுக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்த வயது. மிளகு விலை ஏறிக்கொண்டிருந்தது. அப்பா வெளியூர் போயிருந்த நாளில், நல்ல மிளகு மூட்டைகளில் மூட்டைக்கு இரண்டு கிலோ பொக்கு மிளகைக் கலந்து கட்டச் சொன்னேன். அதில் ஒரு மூட்டை, இருபது வருடமாக எங்களிடம் வாங்கிய ஒரு சில்லறைக் கடைக்காரருக்குப் போயிற்று. அவர் ஒரு கைப்பிடியைத் தண்ணீர்ச் செம்பில் போட்டுப் பார்த்திருக்கிறார். மிதந்தது. சண்டை போடவில்லை. பாக்கி முழுவதையும் அடைத்தார், அதன்பின் வரவில்லை. மூன்று மாதம் கழித்து விஷயம் தெரிந்து, அப்பா பஸ் ஏறி அவர் ஊருக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் மோர் கொடுத்து உபசரித்து, "அண்ணாச்சி, உங்க மேலே எனக்கு வருத்தமே இல்லை. கணக்கு முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினாராம். அப்பா திரும்பி வந்து என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பேரேட்டில் அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மிளகைக் காசாக்கிய முறை

வெனிஸில் மிளகு விளையவில்லை. நம் மலையாளக் கரையில் விளைந்த மிளகு அரபு வியாபாரிகள் மூலம் செங்கடல் ஏறி, எகிப்தின் அலெக்சாந்திரியா வரை போகும். அங்கே வெனிஸ்காரர்கள் வாங்கிக் கப்பலேற்றுவார்கள். கப்பல் அரசாங்கத்தினுடையது, ஒவ்வொரு பயணத்தையும் வியாபாரிகளுக்கு ஏலம் விட்டார்கள். கடற்கொள்ளைக்கு அஞ்சிக் கூட்டமாகவே கப்பல்கள் போய் வந்தன.

ரியால்டோ பாலத்தின் அடியில் ஜெர்மானிய வியாபாரிகளுக்கென்று ஒரு பெரிய சத்திரமும் கிடங்கும் இருந்தன. ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் அங்கேதான் தங்க வேண்டும், அங்கேதான் சரக்கு வைக்க வேண்டும், அரசு நியமித்த தரகர் மூலம்தான் வாங்கி விற்க வேண்டும். அந்தத் தரகு உத்தியோகத்துக்கு நல்ல வருமானம். டிசியான் என்ற உலகப் புகழ் பெற்ற ஓவியருக்கே அந்தப் பதவியைத் தந்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஓவியர் சரக்கைத் தொட்டிருக்க மாட்டார். தரகு மட்டும் வந்துகொண்டிருந்திருக்கும்.

அவர்கள் 1284இல் டுகாட் என்ற தங்கக் காசு அடித்தார்கள். எடை மூன்றரை கிராம், ஏறக்குறையச் சுத்தத் தங்கம். 1797இல் அந்தக் குடியரசு முடியும் வரை, ஐந்நூறு வருடத்துக்கு மேல், அந்தக் காசின் எடையிலும் மாற்றிலும் கை வைக்கவே இல்லை. எத்தனை போர் வந்தது, எத்தனை பஞ்சம் வந்தது! மற்ற அரசுகள் கஜானா காலியானால் காசில் செம்பு கலப்பார்கள். இவர்கள் கலக்கவில்லை. அதனால்தான் அந்தக் காசு கெய்ரோவிலும் செல்லுபடியானது, நம் தென்னிந்தியக் கரையிலும் செல்லுபடியானது. கேரளத்தில் அதைக் கோத்துக் கழுத்தில் மாலையாகவே அணிந்தார்கள். பொக்கு மிளகு கலக்காத வியாபாரத்துக்கு அது கடல் கடந்த சாட்சி.

கணக்கு எழுதும் நமக்கு இன்னொரு கடன் உண்டு. பற்று ஒருபக்கம், வரவு ஒருபக்கம் என்ற இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் விளக்கி அச்சிட்ட நூல் 1494இல் வெனிஸில்தான் வெளிவந்தது. எழுதியவர் லூக்கா பச்சோலி என்ற துறவி. இளமையில் ஒரு வெனிஸ் வணிகரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வியாபாரிகள் முன்பே எழுதி வந்ததை ஒழுங்குபடுத்தி எழுதினார். நடந்ததை நடந்தபடி குறிக்க ஒரு குறிப்பேடு, அதை வரிசைப்படுத்த ஒரு நாளேடு, ஆளுக்கொரு பக்கமாகப் பிரிக்க ஒரு பேரேடு என்று மூன்று புத்தகம் வைக்கச் சொல்கிறார். நம் சிட்டையும் நாளேடும் பேரேடும்தான்! முதல் ஏட்டில் சிலுவைக்குறி இட்டுக் கடவுளை நினைத்துத் தொடங்க வேண்டும் என்கிறார். நாம் பிள்ளையார் சுழி போடுகிறோம்.

1619இல் ஜீரோ வங்கி என்ற அரசு வங்கியும் ரியால்டோவில் ஏற்பட்டது. ஒருவர் பக்கத்திலிருந்து இன்னொருவர் பக்கத்துக்கு எழுதி மாற்றினால் பணம் கைமாறியதாகக் கணக்கு. நாணயப் பையைத் தூக்க வேண்டாம். இன்று கைப்பேசியைத் தட்டி நாம் செய்வது அதன் பேரப்பிள்ளை.

வழி மாறிய செய்தி

1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். போர்ச்சுகல் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி நேரே மிளகு கொண்டுவந்துவிட்டன என்ற செய்தி 1501இல் ரியால்டோவுக்கு எட்டியது. ஜிரோலமோ பிரியூலி என்ற வணிகர், வெனிஸுக்கு இதைவிடக் கெட்ட செய்தி வந்ததில்லை என்ற பொருளில் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். வழியில் இருந்த இத்தனை சுங்கமும் இத்தனை கையும் இல்லாமல் சரக்கு நேரே வந்தால் நம்மிடம் யார் வாங்குவார்கள் என்பது அவர் கவலை. இடையில் உள்ளவரைத் தவிர்த்து உற்பத்தியாளரிடமிருந்து நேரே வாங்கும் பெரிய கடைகளைப் பார்த்து இன்று நாம் படும் அதே கவலை.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பிரியூலி பயந்தபடி வெனிஸ் உடனே விழுந்துவிடவில்லை. அந்த நூற்றாண்டின் நடுவில் அலெக்சாந்திரியா வழி மிளகு மறுபடியும் தாராளமாக வந்தது. கண்ணாடிச் சாமான், பட்டு, கம்பளி, புத்தக அச்சு என்று வேறு தொழில்களையும் பிடித்துக்கொண்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் மிளகை முழுக்கக் கையில் எடுத்த பிறகுதான் பழைய வழி ஓய்ந்தது. முதல் அடி விழுந்து நூறு வருடம் தாங்கியிருக்கிறார்கள். 1797இல் நெப்போலியன் வந்தபோதுதான் குடியரசு முடிந்தது.

பார்க்க வேண்டியவை

மனைவிக்கும் மகனுக்கும் கொடுத்த வாக்குப்படி ஒரு நாள் முழுவதும் சான் மார்க்கோவில் கழித்தோம். தேவாலயத்தின் தங்கப் பின்னணிச் சித்திரங்களில் ஒரு கதை நமக்கானது. 828இல் இரண்டு வெனிஸ் வியாபாரிகள் புனித மாற்கின் உடலை அலெக்சாந்திரியாவிலிருந்து கொண்டுவந்தார்களாம். சுங்கக்காரர்கள் சோதிக்காமல் இருக்க மேலே பன்றி இறைச்சியை வைத்து மூடினார்களாம். சுங்கத்தை ஏய்த்த கதையைக் கோயில் சுவரில் எழுதி வைத்த ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பக்கத்து ஆட்சி மாளிகையில் சிங்க வாய் போன்ற கல் பெட்டிகள் இருக்கின்றன. குற்றம் செய்தவர்களைப் பற்றிப் புகார் எழுதி அந்த வாயில் போடலாம். வரி ஏய்ப்புக்கென்றே தனிப் புகார் வாய் உண்டு. அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள எனக்கு மட்டும் கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

மருந்துக்கடைச் சன்னல்

இனி நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. ரியால்டோ பாலத்துக்கு அருகில் ஒரு மருந்துக்கடை. அதன் கண்ணாடிச் சன்னலில் சிவப்பு எழுத்தில் ஓர் எண் எரிகிறது. நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். விலை விளம்பரம் என்று நினைத்தேன். அது அந்தப் பழைய நகரில் இன்று குடியிருப்பவர்களின் எண்ணிக்கை. 2008 முதல் அந்தப் பலகை அங்கே இருக்கிறது. வைத்தபோது அறுபதாயிரத்தைத் தாண்டி இருந்தது. 1951இல் அந்த ஊரில் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022இல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. வேறொரு புத்தகக் கடை, ஊரில் உள்ள சுற்றுலாப் படுக்கைகளை எண்ணிக் காட்டுகிறது. 2023இல் படுக்கைகள் குடியிருப்போரை முந்திவிட்டதாக உள்ளூர்க் குழுக்கள் கணக்குச் சொன்னார்கள்.

எதிரிலேயே தெரு நிரம்பி வழிகிறது. தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியவில்லை. இத்தனை கூட்டத்தின் நடுவில் ஒரு கடைக்காரர் வாடிக்கையாளர் குறைகிறார் என்று பலகை வைத்திருக்கிறார்!

நாங்கள் தங்கியிருந்த சந்தில் ஒரு பெரியம்மாள் சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். பழம், மாவு, எண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாம் உண்டு. கொஞ்சம் ஜெர்மன் பேசினார், மகன் மொழிபெயர்த்தான். நானும் மளிகைக்காரன் என்று சொன்னதும் நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் கல்யாணமாகி வந்தபோது அந்தச் சந்தில் இரண்டு ரொட்டிக் கடை, ஓர் இறைச்சிக் கடை, ஒரு பால் கடை இருந்தனவாம். இப்போது முகமூடிக் கடை, கண்ணாடி பொம்மைக் கடை, ஐஸ்கிரீம் கடை. வீட்டு வாசல்களில் எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டி தொங்குகிறது. வீடுகள் எல்லாம் நாள் வாடகைக்குப் போய்விட்டன. அவருடைய பிள்ளைகளே கரையில் உள்ள மெஸ்த்ரேயில் வீடு பிடித்துப் போய்விட்டார்கள்.

"முன்பு ஒரு வீட்டுக்காரம்மா வந்தால் வாரத்துக்கு வேண்டிய மாவும் எண்ணெயும் வாங்குவாள், மாதக் கடைசியில் கணக்குத் தீர்ப்பாள். இன்று இருநூறு பேர் கடைக்குள் வருகிறார்கள். ஒருவர் ஒரு தண்ணீர் பாட்டில், ஒருவர் இரண்டு ஆப்பிள். நாளைக்கு அந்த முகம் வராது" என்றார். அப்புறம் மெதுவாக, "பேர் தெரிந்தவர்கள் செத்துப் போகிறார்கள், அல்லது ஊரை விட்டுப் போகிறார்கள்" என்று சொல்லிவிட்டு என் மனைவி கையில் ஒரு பேரிக்காயைக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கூட்டம் வேறு, வாடிக்கை வேறு. நாற்பது வருட வியாபாரத்தில் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஓர் ஊரே அதற்கு உதாரணமாக நிற்பதை அன்றுதான் பார்த்தேன். ஜெர்மானிய வியாபாரிகளின் அந்தப் பழைய சத்திரம் இருபதாம் நூற்றாண்டில் அஞ்சலகமாக இருந்தது. 2016இல் ஆடம்பரப் பொருள் அங்காடியாக மாறியது. நாங்கள் போனபோது பளபளவென்று திறந்திருந்தது. 2025இல் அதையும் மூடிவிட்டார்கள். கோடிக்கணக்கான காலடிகள் வாசலைக் கடந்து போகின்றன. பேரேட்டில் எழுதப் பேர் இல்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

செங்கன் விசா ஒன்று இருந்தால் போதும். 2024இல் படகுக்கு ஒரு தடவைச் சீட்டு ஒன்பதரை யூரோவாக இருந்தது. ஆகவே நாள் கணக்கில் சீட்டு வாங்குவதே லாபம். கொண்டோலா என்ற அலங்காரப் படகுக்கு 2024இல் அரை மணிக்கு 90 யூரோ அரசு நிர்ணயமாக இருந்தது. பெரிய கால்வாயைக் கடக்க மட்டும் என்றால் அப்போது இரண்டு யூரோவில் அதே மாதிரிப் படகில் மக்களோடு மக்களாகப் போக முடிந்தது. குறிப்பிட்ட சில நாள்களில் பகலில் வந்து போகிறவர்களுக்கு 2024 ஏப்ரல் 25 முதல் 5 யூரோ நுழைவுக் கட்டணம் போட்டார்கள். ஊருக்குள் இரவு தங்குபவர்களுக்கு அது இல்லை. காபியை நின்று குடித்தால் ஒரு விலை, சதுக்கத்தில் உட்கார்ந்து குடித்தால் பல மடங்கு விலை. மீன் மார்க்கெட் ஞாயிறும் திங்களும் கிடையாது. சைவ உணவுக்காரர்கள் பயப்பட வேண்டாம். தக்காளிச் சாறு போட்ட பாஸ்தாவும் காய்கறி பீட்சாவும் எங்கும் கிடைக்கும். முக்கியமாக, ஒரு வேளைச் சாமானாவது உள்ளூர்க் கடையில் வாங்குங்கள்.

ஊர் திரும்பிய பின்

வந்து இரண்டு நாள் கழித்து, மண்டியில் பத்து வருடத்துப் பழைய பேரேட்டையும் இந்த வருடத்துக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேர் பேராகப் பார்த்தேன். விற்பனைத் தொகை குறையவில்லை. அதனால் நானும் கவலைப்படாமல் இருந்திருக்கிறேன். ஆனால் பழைய பேர்களில் மூன்றில் ஒன்று இப்போது இல்லை. சிலர் கடையை மூடிவிட்டவர்கள். மற்றவர்கள் நம்மிடம் வருவதை நிறுத்தியவர்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று ஒருவரிடம்கூட நான் கேட்டதில்லை. ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக அப்பா பஸ் ஏறிப் போனார். எனக்குக் கையிலேயே போன் இருக்கிறது.

அன்றிலிருந்து தினம் இரண்டு பேருக்குப் பேசுகிறேன். ஒருவர், பாக்கி கேட்ட விதம் பிடிக்கவில்லை என்றார். ஒருவர், பருப்பில் கல் வந்தது, சொல்லியும் நம் பையன் காதில் வாங்கவில்லை என்றார். இன்னொருவர், "இத்தனை வருசம் கழிச்சு ஞாபகம் வந்துச்சா, அண்ணாச்சி?" என்று சிரித்தார், மறுவாரம் பட்டியல் அனுப்பினார். எல்லோரும் திரும்பி வரமாட்டார்கள். வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதாவது இப்போது எனக்குத் தெரியும்.

அன்பர்களே, அந்த மருந்துக்கடைக்காரர் வைத்த பலகையை நாமும் நம் கல்லாவுக்குப் பின்னால், நமக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். இந்த மாதம் எத்தனை ரூபாய்க்கு விற்றோம் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தனை குடும்பம், எத்தனை கடை நம்மை நம்பி வருகிறது என்ற எண்ணிக்கையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அடுத்த புதுக்கணக்குக்குள் எண்ணிவிடுங்கள்.